காவல் ஜெபமும் எறும்புச் சாரையும்

சிங்கம் வரும் என்று காத்திருந்த ஊருக்கு எறும்பு வந்தது.

எலீம்விளையில் பிறந்த எல்லாருக்கும், ஓய்வுநாள் பள்ளியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதிலேயே, பொல்லாங்கன் என்கிற சாத்தான் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறவன், சிங்கம் மாதிரி வருவான், அயர்ந்தவனை அடித்துக்கொண்டு போவான், ஆகையால் கண்ணயரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் வளர்ந்து கல்யாணம் காட்சி என்று ஆனபின் சிங்கத்தை மறந்துவிட்டார்கள். பலசரக்குக் கடை ஆசீர்வாதத்தின் மனைவி கனகபாய் மறக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது, கணீரென்ற குரல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் காலை பதினொரு மணிக்குப் பெண்களைக் கூட்டி அவள் காவல் ஜெபம் நடத்தி வந்தாள். முதலில் பஸ் ஸ்டாப், குளத்தங்கரை, மதுக்கடைக்குத் திரும்புகிற முக்கு, பனங்காட்டுப் பாதை என்று ஊரின் நாலு மூலைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்து போய் ஒவ்வொரு மூலைக் கல்லிலும் ஒரு சொட்டு ஒலிவ எண்ணெய் வைப்பார்கள். பிறகு அவள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்காருவார்கள். ஜெபக்குறிப்புகளைக் கனகபாய் சொல்லுவாள், மற்றவர்களும் தங்கள் தங்கள் குறிப்பைச் சொல்லுவார்கள், ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டு ஜெபிப்பார்கள். கனகபாய் மட்டும் குறிப்பு எதையும் எடுத்துக்கொள்ள மாட்டாள். ஊரின் நாலு மூலையையும் அடைத்து நிற்கிற பெரிய ஜெபம் அவளுடையது. அது முடிய முக்கால் மணி நேரமாகும், அதற்குள் காப்பி ஆறிப்போகும்.

இந்த ஆறு வருஷத்தில் பொல்லாங்கன் ஊருக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்பது அவள் கணக்கு. ஊரும் அதை மறுத்துப் பேசவில்லை, பேசினால் யார் அவளுக்குப் பதில் சொல்லி மாளுவது.

ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து காலத்தில்தான் டெய்லர் தானியேலின் மகள் பெனிட்டா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கனகபாயைத் தேடி வந்தாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிற பிள்ளை, இருபத்தேழு வயது, தை மாதம் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. பண்டிகை கழிந்து கல்யாணம். வந்தவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, எனக்குச் சின்னதுலேருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை போடுதேன். மூணு வருஷமா வரவேயில்ல, கல்யாணம் பண்ணலாம்னு டாக்டரே சொல்லிட்டாவ. அப்பா மாப்பிள்ளை வீட்டு அவியகிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் சொல்லுதாவ. எனக்கு மறைக்க மனசில்ல. அவிய திருப்பூர்லேருந்து குருத்தோலை ஞாயித்துக்கு லீவுல வாராவ. நேர்ல பாத்து நானே சொல்லணும். வாய் வரமாட்டேங்கு அத்தை. எனக்குத் தைரியம் கிடைக்கணும்னு ஜெபம் பண்ணுங்க. வேற யார்கிட்டயும் நான் சொல்லல."

கனகபாய் அவள் தலையில் கை வைத்தாள், கண் கலங்கினாள், அது நடிப்பில்லை. "போ பிள்ளே, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாயில் உட்கார்ந்ததும் பாரம் மேலிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் சொன்ன முதல் குறிப்பு அதுதான். "பேர் சொல்லக் கூடாது. நம்ம சபைல கல்யாணத்துக்கு நிக்கிற ஒரு பிள்ளை. சின்ன வயசுலேருந்து வலிப்பு. மாத்திரைலதான் ஓடுது. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் தெரியாது. பாரம் எடுத்து ஜெபிங்க." பேர் சொல்லவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், கனகபாய் பேர் சொல்லவே இல்லை. அந்த வருஷம் எலீம்விளையில் கல்யாணத்துக்கு நின்ற பிள்ளை ஒன்றே ஒன்று என்பதுதான் விஷயம். பதினோரு பெண்களும் 'உச்' கொட்டினார்கள்.

அடுத்துப் பேசியவள் ரோசம்மா. "எங்க ஓரகத்திக்குப் பொறுமையைக் கொடுக்கணும்னு ஜெபிங்க. மாமியாரைச் சோத்துத் தட்டால எறிஞ்சாளாம்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டுப் புத்தகம் தேடக் கண்ணைத் திறந்த கனகபாய் அதைப் பார்த்தாள். ரோசம்மாவின் கீழுதட்டிலிருந்து ஒரு செவ்வெறும்பு இறங்கி, நாடியில் சற்று நின்று வழி பார்த்துக்கொண்டு, சேலை மடிப்பு வழியாகத் தரைக்கு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் நாலைந்து.

"என்ன ரோசம்மா, பன்னு தின்னுட்டு வாயைத் தொடைக்கலையா?" என்று கனகபாய் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். எறும்புகள் யாருடைய சிரிப்பையும் பொருட்படுத்தாமல் நடையைத் தாண்டி, வெயிலில் தெருவைக் கடந்து, கீழத்தெருவில் ரோசம்மாவின் ஓரகத்தி வீட்டுக்குள் போய், அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டன.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இன்னொருவரைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னால் சொன்ன வாயிலிருந்து எறும்பு வரும். வந்த எறும்பு நேராகச் சொல்லப்பட்டவர் வீட்டுக்குப் போகும். கடிக்காது. சுற்றி நிற்கும், அவ்வளவுதான். சொன்னது மெய்யா பொய்யா என்று எறும்பு பார்ப்பதில்லை. முதல் இரண்டு நாள் சண்டை நாறியது, அதன்பின் யார் வீட்டுக்கு வந்த சாரையைப் பின்தொடர்ந்து போனாலும் அது தன் வீட்டிலிருந்து புறப்பட்ட சாரையைக் குறுக்கே தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது என்று தெரிந்தபோது சண்டை தானாக அடங்கிவிட்டது. பின்தொடர்ந்து போவதையே ஊர் விட்டுவிட்டது. மனுஷருக்கு எதுதான் பழகாது. டீக்கடைக்காரர் பெஞ்சுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இறக்கி வைத்தார். சைக்கிளில் போகிறவர்கள் சாரை கண்ட இடத்தில் பெல் அடித்து ஒதுங்கினார்கள். ஆசீர்வாதத்தின் கடையில் எறும்புப் பொடி வந்த அன்றே தீர்ந்தது, எறும்புகளோ அந்தப் பொடியின் மேலேயே நடந்து போயின. சபைக் கமிட்டி கூடி, சாரைகளை யாரும் மிதிக்கக் கூடாது, சாரை எங்கே போகிறது என்று குறிப்பாகப் பார்க்கவும் கூடாது என்று தீர்மானம் போட்டது. சபைப் போதகர் ஐயரவாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கையில் தான் முன்பு ஊழியம் பார்த்த சேகரத்து ஆட்களை உதாரணம் காட்டப் போக, அவர் அங்கியின் காலரிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு ஆசீர்வாத ஜெபம் சொல்லி முடித்தார். சபை ஆமென் சொன்னது.

கனகபாய் ஒருத்திதான் இதற்கெல்லாம் மேலே நின்றாள். அவள் கண்ணில் பட்டவரை தன் வாயிலிருந்து ஒரு எறும்புகூட வந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் பெருமை என்று நினைக்கவில்லை, நன்றி என்று நினைத்து அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். "எங்கயோ ஒரு வாசல் திறந்து கிடக்கு, அதாம் இப்படி வருது" என்று சொல்லி, மூலைக் கல்லுக்கு ஒரு சொட்டுக்குப் பதில் மூன்று சொட்டு எண்ணெய் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணை மூடிக்கொண்டு "அந்தப் பிள்ளை காரியம் அப்படியேதான் இருக்கு, இன்னும் பிள்ளை வீட்டுல சொல்லல" என்று குறிப்பை மறக்காமல் ஞாபகப்படுத்தினாள்.

இதற்குள் டெய்லர் தானியேல் வீட்டுக்குப் போகிற சாரை, மற்றதெல்லாம் நூல் என்றால் இது கயிறு என்று சொல்லும்படி தடித்துவிட்டது. அது சாக்கடைத் துவாரம் வழியாக அடுக்களைக்குள் ஏறி, அலமாரியின் மேல்தட்டில் பெனிட்டா மாத்திரை போட்டு வைத்திருந்த தகர டப்பாவை மூன்று சுற்றாகச் சுற்றி நின்றது. ஊர் அதைத் தாண்டித் தாண்டி நடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கக்கூடிய யாவரும் அதில் நாலு எறும்பாவது சேர்த்திருந்தார்கள். பெனிட்டா வழக்கம்போல அங்கன்வாடிக்குப் போனாள், வழக்கம்போல கோயில் வாசலில் கனகபாயைக் கண்டால் "ஸ்தோத்திரம் அத்தை" என்றாள்.

கல்யாண அறிவிப்பு ஓலை முதல் ஞாயிறு வாசிக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறும் வாசிக்கப்பட்டது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, மறுப்பு யாருக்கும் இல்லை என்றால்தான் கல்யாணம். மூன்றாவது ஓலை குருத்தோலை ஞாயிற்றுக்கு. அதற்கு முந்தின வியாழக்கிழமை, மாப்பிள்ளை ஊருக்கு வந்து சேருமுன், மாப்பிள்ளையின் தகப்பன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தானியேல் வீட்டு நடையில் நின்றபடியே ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். "நோயின்னா நோயின்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்போம். மறைச்சிட்டியளே. இனிமே நீங்க எதைச் சொன்னாலும் எப்படி நம்புறது?" என்று அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. தானியேல் கழுத்தில் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்தார்.

இதைக் கேட்டுக் கனகபாய் பட்ட கோபம் உண்மையான கோபம். ஒரு பிள்ளையின் வாழ்வில் மண்ணைப் போட்ட வாய் எது என்று அவள் குமுறினாள். தான் பாயில் உட்கார்ந்து சொன்னது அவள் நினைவில் பேச்சு என்ற கணக்கிலேயே சேரவில்லை, அது ஜெபம். ஜெபத்தைப் போய் யாராவது பேச்சோடு சேர்ப்பார்களா. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எண்ணெய்க் குப்பியும் கையுமாகப் பதினோரு பெண்களையும் திரட்டிக்கொண்டு தானியேல் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"கமிட்டி தீர்மானம் கெடக்கட்டும். இந்தச் சாரை எந்த வீட்டுலேருந்து வருதுன்னு இன்னைக்குப் பாத்துப்போடணும். அந்த வாசல்ல எண்ணெய் வச்சு அடைக்காம நான் கஞ்சி குடிக்கமாட்டேன். நீங்களும் வாங்க கொழுந்தனாரே."

தானியேல் டேப்பைக் கழற்றாமலே வந்தார்.

பாட்டோடுதான் புறப்பட்டார்கள். கயிறு மாதிரி கிடந்த சாரை கீழத்தெருவில் போயிற்று, தாயம்மா வீட்டு முன்னால் அவள் வாசலிலிருந்து ஒரு மெல்லிய சாரை வந்து அதில் சேர்ந்தது. பாடிக்கொண்டிருந்த தாயம்மா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிச் செய்து அங்கேயே நின்றுவிட்டாள். ரேஷன் கடை முக்கில் இன்னொரு கிளை, அங்கே இரண்டு பேர் நின்றார்கள். ரோசம்மா தன் வீடு வந்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொன்னாள். ஐயரவாள் வீட்டுக் காம்பவுண்டுக்கு அடியிலிருந்தும் ஒன்று வந்து சேர்ந்தது, அதை எல்லாரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குரல் குறைந்து குறைந்து பாட்டு மெலிந்துகொண்டே வர, கனகபாய் மட்டும் கணீரென்று பாடிக்கொண்டு, பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பாராமல் நடந்தாள். கோயிலைத் தாண்டினாள், பள்ளிக்கூடத்தைத் தாண்டினாள், தன்னோடு பாட யாரும் இல்லை என்று தெரிந்து பாட்டை நிறுத்தியபோது அவளும் தானியேலும்தான் இருந்தார்கள், சாரை ஆசீர்வாதத்தின் கடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தது.

"கடைல சீனி மூட்டை இருக்கு, அதுக்குத்தான்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். எறும்புகள் சீனி மூட்டையை ஒட்டியே வந்துகொண்டிருந்தன, ஒன்றுகூட அதன் பக்கம் திரும்பவில்லை. அவை உள்ளே முன்னறைக்குள்ளிருந்து வந்தன. சுவரோரமாக, பாய்க்கு அடியிலிருந்து வந்தன. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ஆசீர்வாதம் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்து பாயைத் தூக்கினார். ஆறு வருஷமாக ஒரே இடத்தில் முழங்கால் போட்டதில் சிமெண்டுத் தரை மழமழவென்று தேய்ந்திருந்த இரண்டு பள்ளங்கள். அந்தப் பள்ளங்களிலிருந்து, ஊற்றுக்கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி, எறும்புகள் ஊறிக்கொண்டிருந்தன.

கனகபாய் கையைத் தூக்கித் தன் உதட்டைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வெள்ளிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள், வாயிலிருந்து இறங்கியதைப் பார்த்திருக்க வழியில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"நான் பேர் சொல்லல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தானியேல் பள்ளங்களைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்லுவார், சபிப்பார், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அடித்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "சரி மைனி. நான் வாரேன்" என்று அவர் படியிறங்கிப் போனார், சாரையை மிதித்துவிடாமல் ஓரமாக ஒதுங்கிப் போனார்.

வெட்கம் என்ற ஒன்றை மற்றவர்களுக்கு உண்டாகிற ஒன்றாகவே அதுவரை நினைத்திருந்த கனகபாய்க்கு அது இப்படி உடம்பில் வந்து உட்காரும் என்று தெரியாது. சோற்றில் கை வைக்கக் கூசியது. கடைக்கு வந்தவர்கள் "அக்கா இல்லையா" என்று கேட்டபோது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். சாயங்காலம் பெண்கள் வந்தார்கள், காலையில் வழியில் ஒவ்வொரு வாசலாக நின்றுவிட்ட அதே பதினோரு பேரும். "நீங்க நல்ல மனசோடதான் சொன்னிய" என்றார்கள். "சத்துரு எப்படியெல்லாம் தந்திரம் பண்ணுதான் பாத்தியளா" என்றார்கள். அந்த ஆறுதலில் தங்களுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு அவர்கள் இலகுவான முகத்தோடு போனார்கள். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் தானும் அதை நம்பிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவு இதமாக இருந்தது அது.

"நாளைக்கு ஓலை வாசிக்கிற நேரத்துல எழும்பி நின்னு சபை முன்னால எல்லாத்தையும் சொல்லிரப்போறேன்" என்றாள் புருஷனிடம்.

ஆசீர்வாதம் அதிகம் பேசுகிற ஆளில்லை. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "எதைச் சொல்லுவே? அந்தப் பிள்ளைக்கு வலிப்புன்னு நான் சொன்னேன்னு சொல்லுவே. தெரியாத நாலு பேருக்கும் தெரியும். எல்லாரும் உன்னப் பாத்து அழுவாவ, பெரிய மனசுன்னு சொல்லுவாவ. அந்தப் பிள்ளை பின் பெஞ்சுல உக்காந்திருக்கும் கனகு."

அவளுக்குச் சுருக்கென்றது. எழும்பி நிற்கும்போது எந்தச் சேலை உடுத்தியிருப்பது என்றுகூட ஒரு கணம் யோசித்திருந்தாள்.

ஞாயிறு குருத்தோலை பிடித்துக்கொண்டு ஊர் பவனி வந்தது. ஓலை வாசிக்கிற நேரத்தில் ஐயரவாள் காகிதத்தைப் புரட்டி, நேராக அடுத்த அறிவிப்புக்குப் போனார். கனகபாய் தலை நிமிரவில்லை. திங்கட்கிழமை நாலு மணிக்கு, அங்கன்வாடி விட்டு அந்தப் பிள்ளை வீடு திரும்பியிருக்கிற நேரம் பார்த்து, தெருவே வாசலில் இருக்கிற வேளையில், எண்ணெய்க் குப்பியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் தானியேல் வீட்டுக்குப் போனாள்.

பெனிட்டா படியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சத்துமாவை மறுநாளைக்குச் சலித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தை" என்றாள், பழக்கத்தில் வந்த சொல்.

வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூடக் கனகபாயின் வாயில் நிற்கவில்லை. "பிள்ளே, நான்தான்..." என்றாள்.

"எனக்கு மொத வாரமே தெரியும் அத்தை. டப்பாவைச் சுத்தி எறும்பு நின்னுச்சு. நான் உங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்." சல்லடையைத் தட்டினாள். "கோவம் வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், வாய் தவறிச் சொல்லிட்டாவ, சொன்னாலும் எனக்காக ஜெபமும் பண்ணுதாவள்லா, அது போதும்னு. அவிய வாரதுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். அவிய வாரதுக்கு முந்தி செய்தி போயிட்டு."

பெனிட்டா சல்லடையில் இன்னொரு கை மாவைப் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அத்தை. தைரியம் கிடைக்கணும்னு கேட்டேன்லா. அதுக்கு நீங்க ஜெபம் பண்ணுனியளா? ஒரு நாளாவது?"

கனகபாய் நினைத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், குறிப்புச் சொன்னது நினைவிருந்தது, யார் யார் 'உச்' கொட்டினார்கள் என்பதுகூட நினைவிருந்தது, நாலு மூலைக்கும் வைத்த எண்ணெய் நினைவிருந்தது. அதிகாலைகளை நினைத்துப் பார்த்தாள், சாப்பாட்டுக்கு முந்தின ஜெபங்களைத் துழாவினாள், படுக்கப் போகுமுன் முணுமுணுக்கிற இரண்டு வரியில்கூடத் தேடினாள். எங்குமே பெனிட்டா இல்லை. பொய் சொல்லிவிடலாம், ஒரே ஒரு சொல்தான், அந்தப் பிள்ளைக்கும் ஆறுதலாக இருக்கும். எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல பிள்ளே" என்றாள் கனகபாய். "ஒரு நாளும் பண்ணல."

பெனிட்டாவின் கையில் சல்லடை நின்றது. அவள் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் கனகபாய் அதைத் தாங்கியிருப்பாள்.

"அப்படியா" என்றாள் மெதுவாக. "நாம ரெண்டு பேரு ஆண்டவர்கிட்டக் கேக்கோம்னு நெனச்சுக்கிட்டுல்லா இருந்தேன் அத்தை."

பிறகு அவள் மீதி மாவைச் சல்லடையில் கொட்டிச் சலிக்கத் தொடங்கினாள். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கனகபாய் தெரு முழுக்கப் பார்க்க அந்தப் படிக்குக் கீழே வெயிலில் நின்றாள்.